ஓலை, மட்டை, மரத்தூளைப் பூஞ்சையை வைத்து மட்கச் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கில் வீட்டுக்குப் பின்னால் நாலு தென்னை வைத்திருப்பவர்கள், கோயில் தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவர்கள், நிபோங் திபால் பக்கம் சின்னச் செம்பனைத் துண்டு உள்ளவர்கள் என்று எல்லோரிடமும் ஒரே பிரச்சினைதான். ஓலையும் மட்டையும் குவிந்துகொண்டே இருக்கிறது. எரித்தால் 1974 சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்படி குற்றம். லோரியில் ஏற்றினால் அது போய்ச் சேரும் குப்பைமேடுகளில் ஒன்றான பூலாவ் பூரோங் 2022 ஜனவரியில் தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தது யாருக்கும் மறந்திருக்காது. மூன்றாவது வழி பூஞ்சை. அதைப்பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே போட்டு வைக்கிறேன்.

சும்மா குவித்து வைத்தாலே மட்குமே, பூஞ்சை எதற்கு?

மட்கும், ஆனால் எது எப்போது மட்கும் என்பதுதான் விஷயம். வாழைத்தண்டும் கீரைத்தண்டும் சில வாரங்களில் கரைந்துவிடும், அதே குவியலில் கிடக்கும் தேங்காய் மட்டை அடுத்த வருஷமும் மட்டையாகவே கிடக்கும். செடியின் உடம்பு பெரும்பாலும் மூன்று பொருளால் ஆனது: செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ், லிக்னின். செல்லுலோஸ் வெறும் குளுக்கோஸ்தான், நாம் சாப்பிடும் சோற்று மாவுச்சத்தும் அதே குளுக்கோஸ்தான், கண்ணிகள் இணைந்திருக்கும் கோணம் மட்டும் வேறு. அந்த ஒரு வித்தியாசத்தால் நம் எச்சில் சோற்றை உடைக்கிறது, வைக்கோலைத் தொடக்கூட முடியவில்லை. செல்லுலோஸை உடைக்கப் பாக்டீரியா, பூஞ்சை என்று நிறைய ஆள் இருக்கிறார்கள். லிக்னின்தான் முரண்டு பிடிக்கும். ஒழுங்கான அமைப்பு எதுவும் இல்லாமல் கண்டபடி பின்னிக்கிடக்கும் பொருள் அது, செல்லுலோஸை மூடிப் பாதுகாப்பதும் அதுதான். அதை முழுசாக உடைத்துத் தின்னத் தெரிந்தவை வெண்ணழுகல் பூஞ்சைகள் மட்டுமே என்று சொன்னால் பெரிய தவறில்லை.

அடையாளம் சுலபம். விழுந்து கிடக்கும் கட்டையை விரலால் பிய்த்துப் பாருங்கள். வெளுத்துப்போய், ஈரப் பஞ்சு மாதிரி நார் நாராகப் பிரிந்தால் வெண்ணழுகல். செம்பழுப்பாகி, சின்னச் சின்னக் கட்டங்களாக வெடித்து, தேய்த்தால் தூளானால் அது பழுப்பழுகல். அந்தப் பூஞ்சை செல்லுலோஸைத் தின்றுவிட்டு லிக்னினைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கிறது. நமக்கு வேண்டியது முதல் ரகம்.

என்சைம் என்சைம் என்கிறார்களே, அது தனியாகப் போட வேண்டிய பொருளா?

இல்லை, பூஞ்சையே சுரப்பது. அதற்கு வாயும் கிடையாது வயிறும் கிடையாது, அதனால் என்சைமை வெளியே விட்டு, உணவை வெளியிலேயே செரித்து, கரைந்ததை உறிஞ்சிக்கொள்கிறது.

செல்லுலோஸை உடைக்க மூன்று வகை என்சைம் சேர்ந்து வேலை செய்கின்றன. கோயிலில் கழற்றிப் போட்ட நீளமான பூச்சரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: எண்டோகுளுக்கனேஸ் சரத்தை நடுநடுவே கண்ட இடத்தில் அறுக்கும், எக்ஸோகுளுக்கனேஸ் அறுந்த நுனியிலிருந்து இரண்டிரண்டு பூவாக உருவிக்கொண்டே போகும், அந்த ஜோடிகளைத் தனிப்பூவாகப் பிரிப்பது பீட்டா-குளுக்கோசிடேஸ். கடைசி ஆள் மந்தமாக இருந்தால் ஜோடிகள் தேங்கி, முன்னால் உள்ள இரண்டு பேரின் வேலையும் நின்றுவிடும்.

லிக்னின் பக்கம் கதை வேறு. அங்கே அறுப்பது இல்லை, ஆக்ஸிஜனையோ ஹைட்ரஜன் பெராக்ஸைடையோ வைத்துப் பொசுக்குவதுதான் நடக்கிறது. லாக்கேஸ் என்ற என்சைமை 1883-லேயே யோஷிடா என்ற ஜப்பானியர் அரக்கு மரத்தின் பாலில் கண்டுபிடித்துவிட்டார். லிக்னின் பெராக்ஸிடேஸ் 1983-இல்தான் தெரிய வந்தது. சரியாக நூறு வருஷ இடைவெளி. மாங்கனீஸ் பெராக்ஸிடேஸ் என்று இன்னொன்றும் உண்டு. இவை எல்லாவற்றுக்கும் காற்று வேண்டும். தண்ணீர் தேங்கி நாறும் குவியலில் லிக்னின் அசையாது, இதை மட்டும் மறக்காதீர்கள்.

உரக்கடையில் டிரைக்கோடெர்மா என்ற பூஞ்சை பாக்கெட்டில் இருக்கிறது. அது போதாதா?

வைக்கோலுக்கும் காய்ந்த இலைக்கும் நல்லது, மட்டைக்கும் கட்டைக்கும் போதாது. டிரைக்கோடெர்மா செல்லுலோஸில் புலி, லிக்னினில் பூனை. அதன் ஒரு இனத்துக்கு நல்ல வரலாறு உண்டு: இரண்டாம் உலகப் போரில் சாலமன் தீவுகளில் அமெரிக்க ராணுவத்தின் பருத்திக் கூடாரங்களும் துணிகளும் இற்றுப் போய்க்கொண்டே இருந்தன, எது தின்கிறது என்று தேடியபோது கிடைத்ததுதான் இன்று டிரைக்கோடெர்மா ரீசெய் என்று சொல்லப்படும் பூஞ்சை. அதில் ஆராய்ச்சி செய்த எல்வின் ரீஸ் பெயரை அதற்கு வைத்தார்கள். உலகம் முழுக்கத் தொழிற்சாலைகளில் தயாராகும் செல்லுலேஸில், அதாவது செல்லுலோஸை உடைக்கும் என்சைமில், பெரும்பங்கு இன்றும் அந்த வம்சத்திலிருந்துதான் வருகிறது. வெப்பமும் ஈரமும் உள்ள ஒரு தீவில், கண்ணெதிரே துணியை நாசம் செய்துகொண்டிருந்த ஒன்றையே பிடித்து வேலைக்கு வைத்திருக்கிறார்கள் பாருங்கள். உள்ளூர்ப் பூஞ்சை என்று நான் அடித்துக்கொள்வது இதற்குத்தான்.

இரண்டு எச்சரிக்கை. பாக்கெட்டில் இருப்பது உயிருள்ள வித்து, வெயில் படும் அலமாரியில் மாதக்கணக்கில் கிடந்ததை வாங்காதீர்கள். அப்புறம், காளான் வளர்க்கிற இடத்துக்குப் பக்கத்தில் இதைக் கொண்டுபோகவே கூடாது. காளான் பையில் பச்சையாகப் பூத்துப் பையையே கெடுக்கும் எதிரியே டிரைக்கோடெர்மாதான்.

ஏன் உள்ளூர்ப் பூஞ்சை? இணையத்தில் வரவழைத்தால் என்ன?

முதல் காரணம் வெப்பம். குளிர்நாட்டு ரகங்கள் பல 25 டிகிரிக்குப் பக்கத்தில்தான் சுறுசுறுப்பாக இருக்கும். நம் ஊரில் நிழலிலேயே 30, குவியலுக்குள்ளே அதைவிடக் கூட. இங்கேயே பிறந்து வளர்ந்தது இந்தச் சூட்டைப் பற்றிக் கவலைப்படாது. இரண்டாவது, அதற்கு நம் மரங்கள் பழக்கம். மூன்றாவதை யாரும் யோசிப்பதில்லை: வெளியூர்ப் பூஞ்சை தப்பித்துக் காட்டுக்குள் போய்விட்டால் திரும்பக் கூப்பிட முடியாது. கிழக்காசியாவைச் சேர்ந்த மஞ்சள் சிப்பிக்காளானை அமெரிக்காவில் சாப்பிட வளர்த்தார்கள், அது இப்போது அங்குள்ள காடுகளில் பரவி உள்ளூர்ப் பூஞ்சைகளின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இங்கே கண்ணில் படுகிற நல்ல ஆட்கள் இரண்டு பேர். வெயிலில் கிடக்கும் கட்டையில் பளிச்சென்று செம்மஞ்சள் நிறத்தில், தட்டையாக, தோல் மாதிரி விறைப்பாக ஒட்டிக்கொண்டிருப்பது பிக்னோபோரஸ் சங்குயினியஸ். அது லாக்கேஸ் சுரப்பதில் பேர்போனது, வெயிலுக்கும் அஞ்சாது. ஒருமுறை அடையாளம் தெரிந்துவிட்டால் அப்புறம் சாலையோரம் வெட்டிப் போட்ட கட்டையெல்லாம் அதுவாகவே தெரியும். இன்னொன்று, சாம்பல் வெள்ளையில் நகம் அளவுக்கு விசிறி விசிறியாக முளைத்து, கவிழ்த்துப் பார்த்தால் செவுள் ஒவ்வொன்றும் நடுவில் பிளந்திருக்கும் ஸ்கைசோஃபில்லம். மலாய்க்காரர்கள் சென்டாவான் குக்குர் என்று சொல்லிச் சமைப்பது இதைத்தான். அது செல்லுலோஸில் கெட்டி, லிக்னினில் அவ்வளவாக இல்லை.

காட்டில் போய் எடுத்து வரலாமா?

வேண்டாம். தெலுக் பஹாங் தேசியப் பூங்காவும் சரி, 2021-இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்த பினாங்குக் கொடிமலையும் சரி, எதையும் பிய்த்து எடுத்து வரும் இடங்கள் அல்ல. ஆய்வுக்கோ வியாபாரத்துக்கோ உயிரினம் எடுப்பதென்றால் அதற்கென்றே 2017-இல் ஒரு சட்டம் வந்து, 2020 டிசம்பரிலிருந்து அமலில் இருக்கிறது, அனுமதி வாங்க வேண்டும். உங்கள் வீட்டுக் குவியலுக்கு உங்கள் வீட்டு மாங்கட்டையில் முளைத்ததே போதும், அது ஏற்கனவே உங்கள் மண்ணுக்கும் மழைக்கும் பழகியது.

சரி, எப்படித் தொடங்குவது?

எனக்குத் தெரிந்த ஆகச் சுலபமான வழி, சிப்பிக்காளான் பண்ணையில் தூக்கிப் போடும் பழைய பைகள். பால்மரத்தூளும் தவிடும் கலந்து, ஆவியில் வேகவைத்து, அதில் காளான் வித்து போட்டு வளர்ப்பார்கள். சில அறுவடைக்குப் பிறகு விளைச்சல் குறைந்ததும் பையை ஒதுக்கிவிடுவார்கள். காளான் வருவது நின்றாலும் உள்ளே பூஞ்சை உயிரோடுதான் இருக்கும், சிப்பிக்காளான் சுத்தமான வெண்ணழுகல் ரகம். பெரும்பாலான பண்ணைகளில் சும்மாவே கொடுப்பார்கள், எடுத்துப் போனால் போதும் என்றிருப்பார்கள்.

பையைக் கிழித்து முகர்ந்து பாருங்கள். உள்ளே தூள் வெள்ளை நூலால் கட்டியாகப் பிணைந்து, உடைத்தால் தெர்மோகோல் மாதிரி துண்டு துண்டாக வர வேண்டும், வாசனை பசாரில் வாங்கும் புதுக்காளான் வாசனையாக இருக்க வேண்டும். புளிச்ச வாடை அடித்தாலோ, பச்சைத் திட்டு தெரிந்தாலோ, பிசுபிசுவென்று கறுத்திருந்தாலோ தனியே தூக்கிப் போடுங்கள்.

மட்டையையும் ஓலைத்தண்டையும் எவ்வளவு சின்னதாக நறுக்க முடியுமோ அவ்வளவு நல்லது. முழு மட்டையாகப் போட்டால் என்சைம் உள்ளே நுழையவே மாதங்கள் ஆகும், சுத்தியலால் நாலு தட்டு தட்டிப் பிளந்தாலும் பரவாயில்லை. ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு வடித்துவிடுங்கள். கைப்பிடி எடுத்து அழுத்திப் பிழிந்தால் ஓரிரண்டு சொட்டு வர வேண்டும், ஒழுகினால் அதிகம், ஒன்றுமே வராவிட்டால் குறைவு. நிழலில், தரையில் குச்சிகளைப் பரப்பி அதன்மேல் ஒரு அடுக்கு மட்டை, ஒரு அடுக்கு உடைத்த காளான் கட்டி என்று முழங்கால் உயரத்துக்கு அடுக்கி, ஈரச் சாக்கு போட்டு மூடுங்கள். பிளாஸ்டிக் வேண்டாம், மூச்சுமுட்டும். அதோடு விட்டுவிடுங்கள். கிளறாதீர்கள், கிளறினால் நூல் அறுந்து திரும்ப ஆரம்பத்திலிருந்து தொடங்கும். இரண்டு மூன்று வாரத்தில் சாக்கைத் தூக்கிப் பார்த்தால் மட்டையின் வெட்டுவாயில் வெள்ளை நூல் ஏறியிருக்கும்.

செம்மஞ்சள் பூஞ்சையை வைத்துச் செய்ய ஆசைப்படுபவர்கள் அது முளைத்த கட்டையையே உடைத்து அடுக்குகளுக்கு நடுவே செருகலாம். மெதுவாகத்தான் பரவும், கட்டையில் வேறு பூஞ்சைகளும் குடியிருக்கும், எது ஜெயிக்கும் என்று நம் கையில் இல்லை.

யூரியா, கோழி எரு போட்டால் சீக்கிரம் ஆகும் என்கிறார்களே?

பாதி உண்மை, அந்தப் பாதிதான் பலர் குவியலைக் கெடுக்கிறது. மரத்தூளில் கார்பன் நைட்ரஜனைவிடச் சில நூறு மடங்கு அதிகம், வைக்கோலில் அறுபது எழுபது மடங்கு. சாதாரண மட்குரம் வேகமாக ஓட அந்த விகிதம் முப்பதுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், அதனால் எரு போடச் சொல்கிறார்கள். ஆனால் லிக்னின் வேலை அப்படி நடப்பதில்லை. ஆய்வகங்களில் அதிகம் ஆராயப்பட்ட வெண்ணழுகல் பூஞ்சையான ஃபனரோகீட் கிரைசோஸ்போரியம், நைட்ரஜன் தீர்ந்து பசி வந்த பிறகுதான் லிக்னின் என்சைமையே சுரக்கத் தொடங்குகிறது. வயிறு நிறைய நைட்ரஜன் கொடுத்தால் அது ஏன் மெனக்கெடும்? எல்லா இனமும் இப்படியில்லை, சிப்பிக்காளான் இதில் அவ்வளவு கறார் இல்லை. ஆனாலும் முதல்நாளே எரு போட்டால் பாக்டீரியா கொதித்து எழுந்து, குவியல் 60 டிகிரி தாண்டி, நீங்கள் பார்த்துப் பார்த்து வைத்த பூஞ்சை வெந்து போகும்.

அதனால் என் முறை: முதலில் பூஞ்சை, பிறகு எரு. மட்டை வெளுத்து விரலால் பிய்கிற நிலைக்கு வந்த பின்னால் கோழி எருவோ காப்பித்தூள் சக்கையோ கலந்து நன்றாகக் கிளறிவிடுங்கள். இப்போது சூடு ஏறினால் ஏறட்டும், களை விதைகளும் நோய்க்கிருமிகளும் அதில் சாகும்.

பழத்தோல், கருப்பஞ்சீனி போட்டுப் புளிக்கவைக்கும் ‘எகோ என்சைம்’ ஊற்றலாமா?

பினாங்கில் இதைக் கேட்காத ஆளே இல்லை. தாய்லாந்திலிருந்து வந்த முறை, ஒரு பங்கு சர்க்கரை, மூன்று பங்கு தோல், பத்துப் பங்கு தண்ணீர், மூன்று மாதம். தரை துடைக்க நன்றாக இருக்கிறது என்பவர்களோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன், ஏனென்றால் அது பெரும்பாலும் நீர்த்த புளிக்காடி. மட்டையை உடைக்கும் லிக்னின் என்சைம் அதில் எதிர்பார்க்க முடியாது, காற்றில்லாத பாட்டிலில் வளர்ந்த ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் அதைச் செய்வதில்லை. அத்தனை புளிப்பைக் குவியலில் ஊற்றினால் பூஞ்சைக்கு உதவியும் இல்லை. பெயரில் என்சைம் இருக்கிறது, அவ்வளவுதான்.

தைப்பூசத்தில் உடைக்கும் தேங்காயை இப்படிச் செய்ய முடியுமா?

தேர் போகிற வழியெல்லாம் குவியும் தேங்காயைப் பார்த்தவர்களுக்கு இந்த யோசனை வரத்தான் செய்யும். சிரட்டை வேண்டவே வேண்டாம். அவ்வளவு கெட்டியான லிக்னினைப் பூஞ்சையிடம் கொடுப்பது தண்டனை, சிரட்டைக்குக் கரிதான் சரி. தேங்காய்ப் பருப்போ எண்ணெய்ச் சிக்கும் எலியும் கொண்டுவரும். பூஞ்சைக்கு ஏற்றது உரித்த மட்டையும் நாரும், அதுவோ தேங்காய் தெருவுக்கு வருவதற்கு முன்பே வியாபாரியிடம் தங்கிவிடுகிறது. அவரிடம் போய்க் கேளுங்கள்.

செம்பனைக் காலிக்குலைக்கு இது சரிப்படுமா?

மிகவும். நூறு கிலோ பழக்குலை ஆலைக்குப் போனால் இருபது கிலோவுக்கு மேல் காலிக்குலையாக, அதாவது பழம் உதிர்த்த வெறும் குலையாக, திரும்பும், அதில் பாதிக்கு மேல் ஈரம். ஒரு காலத்தில் ஆலையிலேயே எரித்துச் சாம்பலை பொட்டாசியத்துக்காகப் போட்டார்கள், புகையால் அது நின்று இப்போது தோட்டத்தில் பரப்புகிறார்கள், அல்லது நறுக்கி ஆலைக் கழிவுநீரைத் தெளித்து மட்கவைக்கிறார்கள். குவித்து வைத்த காலிக்குலையில் தானாகவே வைக்கோல் காளான் முளைப்பதைத் தோட்டத்தில் வளர்ந்தவர்கள் பார்த்திருப்பார்கள்.

கவனிக்க வேண்டியது இரண்டு. ஒன்று கேனோடெர்மா. செம்பனையின் அடித்தண்டை அழுகவைத்துச் சாய்க்கும் கேனோடெர்மா போனினென்ஸும் ஒரு வெண்ணழுகல் பூஞ்சைதான், லிக்னினை அருமையாக உடைக்கும், அதுதான் பிரச்சினையே. செம்பனை அடியில் பளபளப்பாக, செம்பழுப்பில், வெள்ளை விளிம்போடு தட்டுத்தட்டாக இருப்பதை எந்தக் காரணத்துக்கும் குவியலுக்குக் கொண்டுவராதீர்கள், நோய்ப்பட்ட மரத்தின் தண்டையும்தான். இன்னொன்று காண்டாமிருக வண்டு. மட்கும் செம்பனை, தென்னைக் குவியலில் அது முட்டையிட்டு, கட்டைவிரல் பருமனில் வெள்ளைப் புழு வளரும், வண்டானதும் உங்கள் தென்னங்குருத்தையே துளைக்கும். ஓலை விரியும்போது கத்தரியால் வெட்டினது மாதிரி ‘வி’ வடிவில் தெரிந்தால் வண்டு வந்துவிட்டது என்று அர்த்தம். எரு கலந்த பிறகு வாரம் ஒருமுறை கிளறிப் புழுவைப் பொறுக்குங்கள், கோழிக்குப் போட்டால் விருந்து. மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சை இந்தப் புழுவையே கொல்லும், அதையும் விற்கிறார்கள்.

குவியலில் முளைக்கும் காளானைச் சாப்பிடலாமா?

கூடாது. பண்ணைப் பையிலிருந்து வந்த சிப்பிக்காளான்தான் என்று நிச்சயமாகத் தெரியாத எதையும் வாயில் வைக்காதீர்கள். மொட்டாக இருக்கும் வைக்கோல் காளானையும் ஆளைக் கொல்லும் அமானிட்டா என்ற நச்சுக்காளானின் மொட்டையும் பிரித்தறிவது பழகியவர்களுக்கே தடுமாறும்.

உடம்புக்கு ஏதாவது ஆகுமா?

காய்ந்த குவியலைக் கிளறும்போது முகக்கவசம் போடுங்கள். அஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் வித்துகள் தூசியோடு பறக்கும், ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையை வேறு ஆளிடம் விடுவது நல்லது. அதைவிட முக்கியம் கையுறையும் பூட்ஸும். நம் நாட்டு மண்ணில் மெலியாய்டோசிஸ் என்ற தொற்றுநோயை உண்டாக்கும் பாக்டீரியா இருக்கிறது, நீரிழிவு உள்ளவர்களை அது கடுமையாகத் தாக்கும். நீரிழிவு இல்லாத வீடு நம்மிடையே எத்தனை? காலில் புண்ணோடு வெறுங்காலில் மழைச்சேற்றில் நின்று வேலை செய்ய வேண்டாம்.

என்சைமைப் பிரித்தெடுத்து விற்றால் காசாகுமா? எரிபொருள்கூடச் செய்யலாமாமே?

எரிபொருள் செய்யலாம், செய்தும் பார்த்தார்கள். இத்தாலியில் கிரெசென்டினோ என்ற ஊரில் 2013-இல் வைக்கோல் போன்றவற்றிலிருந்து எத்தனால் எடுக்கும் பெரிய ஆலை திறந்து 2017-இல் மூடினார்கள். வைக்கோலை ஊர்பூராவும் போய்ச் சேகரிப்பது, முன்கூட்டி வேகவைப்பது, என்சைம் செலவு எல்லாம் சேர்ந்து பெட்ரோலோடு போட்டியிட விடுவதில்லை. என்சைம் நன்றாகச் சம்பாதிக்கும் இடங்கள் வேறு: சலவைத்தூள், ஜீன்ஸ் துணியை வெளுக்கவைப்பது, காகித ஆலை, கோழித்தீவனம். அங்கே கிராம் கணக்கில் போட்டாலே வேலை முடிந்துவிடும். வீட்டில் வடிகட்டி எடுக்கும் என்சைம் சூட்டில் சீக்கிரம் செத்துவிடும். பூஞ்சை குவியலுக்குள்ளேயே தினமும் புதிதாகச் சுரந்துகொண்டிருக்கும்போது நாம் எதற்கு வடிகட்ட வேண்டும் என்பது என் கட்சி.

உள்ளே வேலை நடக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பழைய பருத்தி வேட்டியில் நாலு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை கிழித்து, பாதியைக் குவியலுக்குள் விட்டு மறுபாதியை வெளியே தொங்கவிடுங்கள். பாலியெஸ்டர் கலந்த வேட்டி உதவாது. பருத்தி ஏறக்குறைய முழுக்கச் செல்லுலோஸ். மாதம் கழித்து இழுத்துப் பாருங்கள், உள்ளே இருந்த பாதி ஈரக்காகிதம் மாதிரி சத்தமில்லாமல் அறுந்தால் செல்லுலேஸ் வேலை செய்கிறது. லிக்னினுக்கு இது சாட்சி சொல்லாது, அதற்கு மட்டை வெளுத்திருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

மொத்தம் எத்தனை நாள் ஆகும்?

வைக்கோல், வாழைச்சருகு இரண்டு மாதம். நறுக்கிய காலிக்குலை மூன்று நாலு மாதம். தேங்காய் மட்டை, எவ்வளவு நசுக்கினீர்கள் என்பதைப் பொறுத்து அரை வருஷத்துக்கு மேல். பினாங்கில் செப்டம்பர், அக்டோபரில் மழை கொட்டும்போது குவியல் ஊறிக் காற்றில்லாமல் போகும், மேலே தகரம் இல்லாதவர்கள் அப்போது தொடங்காமல் மழை குறையும்வரை பொறுப்பது நல்லது. ஜனவரி, பிப்ரவரி வறட்சியில் சாக்கை மட்டும் இரண்டு நாளைக்கு ஒருமுறை நனைத்தால் போதும், குவியலுக்குள் பைப்பை விடாதீர்கள்.